வைத்தியர் வாராத ஊருக்கு வைத்தியம் வருமா?

(அறுகம்பேயில் விவசாயிகள், மீனவர், ஆசிரியர், உத்தியோகத்தர் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

   



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் தேர்தலைப் பற்றியதன்று. ஆயினும் அரசியலின் உயிர்நாடியைத் தொடும் பொருள் அது. நோயாளி ஓரூரிலும் வைத்தியர் வேறோரூரிலும் இருக்க, தொலைபேசி வழியாகவும் இணையம் வழியாகவும் நோயை விசாரித்து, படங்களையும் பரிசோதனை முடிவுகளையும் பார்த்து ஆலோசனை வழங்கும் முறைக்குத் தொலை மருத்துவம் என்று பெயர். இம்முறை நமது கரையோரத்துக்கு ஏற்றதா, ஏற்றதாயின் எந்த நிபந்தனைகளோடு அதை நாம் கேட்டுப் பெறவேண்டும் என்பதே இன்றைய கேள்வி.

முதலில் நமது நிலையை நோக்குவோம். தெற்கே பாணமை, அடுத்து அறுகம்பே, பொத்துவில், வடக்கே கோமாரி, திருக்கோவில், அக்கரைப்பற்று, அதற்கப்பால் கல்முனை. பொத்துவிலிலிருந்து கல்முனைக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு ஏறக்குறைய 110 கிலோமீற்றர். பொத்துவிலில் ஆதார வைத்தியசாலை உண்டு. அங்கே பணிபுரிவோரின் உழைப்பை நாம் மதிக்கின்றோம். எனினும் நுண்ணிய துறை நிபுணர் ஒருவரைக் காணவேண்டின் வடக்கு நோக்கிப் பயணப்படுவதே நமது வழக்கமாகிவிட்டது. விடியுமுன் புறப்பட்டு, வரிசையில் நின்று, சில நிமிடம் வைத்தியரோடு பேசி, மாலை மங்கிய பின் வீடு திரும்பும் முதியவர்கள் நமது ஒவ்வொரு கிராமத்திலும் உள்ளனர். துணைக்குச் செல்லும் மகனுக்கு அன்றைய கூலி இல்லை. அறுவடைக் காலமாயின் அந்த ஒரு நாளின் நட்டம் கூலியோடு முடிவதுமில்லை.

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் ஒழிக்கப்பெற்றது 1951ஆம் ஆண்டில். உலகின் பல செல்வ நாடுகளும் வியக்கும் ஏற்பாடு அது. ஆனால் அந்த இலவசம் வைத்தியசாலையின் கதவுக்கு உள்ளேதான் தொடங்குகின்றது. கதவுவரை செல்லும் பாதை இலவசமன்று. பஸ் கட்டணம், வாடகை வண்டி, இழந்த கூலி, வெளியூர்ச் சாப்பாடு ஆகிய அனைத்தும் நோயாளியின் தலையிலேயே விழுகின்றன. கொழும்பில் வாழ்பவருக்கும் பாணமையில் வாழ்பவருக்கும் சட்டம் ஒன்றே. பாதையின் நீளம் ஒன்றன்று. அந்த வேறுபாட்டைக் குறைக்கும் கருவி எதுவாயினும் அதை ஆராய்ந்து பார்ப்பது நமது கடமை.

புதிய பெயர், பழைய முயற்சி

தொலை மருத்துவம் நேற்று முளைத்த காளான் என்று எண்ணுவோர் உளர். 1905ஆம் ஆண்டில், ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகரில், ஐந்தோவன் என்னும் பேராசிரியர் வைத்தியசாலையிலிருந்த நோயாளியின் இருதயத் துடிப்பின் பதிவைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஒன்றரைக் கிலோமீற்றர் தொலைவிலிருந்த தமது ஆய்வுகூடத்தில் பெற்றார். அவுஸ்திரேலியாவில் ஜோன் பிளின் என்னும் பாதிரியார் 1928இல் பறக்கும் வைத்தியர் சேவையைத் தொடக்கினார். மின்சாரமற்ற பண்ணைகளில் காலால் மிதித்து இயக்கும் வானொலிப் பெட்டியை அல்பிரட் டிரேகர் என்பார் அமைத்துக் கொடுத்தார். 1942 முதல், இலக்கமிட்ட மருந்துகள் அடங்கிய பெட்டியொன்று அப்பண்ணைகளுக்கு அளிக்கப்பட்டது. வைத்தியர் வானொலியில் இலக்கத்தைச் சொல்வார். பண்ணையிலிருப்பவர் அந்த இலக்கமுடைய மருந்தை எடுத்துக் கொடுப்பார்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. வானொலி மட்டும் இருந்து மருந்துப்பெட்டி இல்லாதிருப்பின் அந்த ஏற்பாடு வெறும் பேச்சாகவே முடிந்திருக்கும். பெட்டி இருந்தும், அவசரத்தில் நோயாளியை ஏற்றிச் செல்ல விமானம் இல்லாதிருப்பின் பாதி வழியிலேயே நின்றிருக்கும். குரல், மருந்து, வாகனம் ஆகிய மூன்றும் சேர்ந்தபோதே அது வைத்தியமாயிற்று. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

தேனியும் தமிழ்நாடும் கற்பிக்கும் பாடம்

கடல் கடந்து அவுஸ்திரேலியாவரை செல்ல வேண்டுவதில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால் நமது மொழி பேசும் மண்ணிலேயே நல்ல உதாரணங்கள் உள்ளன. 1976ஆம் ஆண்டில் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 11 படுக்கைகளோடு தொடக்கிய அரவிந்த் கண் வைத்தியசாலையை நீங்கள் அறிவீர்கள். கிராமங்களிற் கண் முகாம்கள் பல நடத்தியும், தேவையுள்ளோரிற் சிறு பகுதியினரே முகாம்களுக்கு வருகின்றனர் என்பதை அந்நிறுவனத்தார் ஆராய்ந்து கண்டனர். முகாம் ஒரு நாளோடு முடிந்துவிடும். நோய் ஆண்டு முழுவதும் இருக்கும். ஆகவே 2004ஆம் ஆண்டு தொடக்கம் தேனிப் பகுதியிற் சிறிய பார்வை நிலையங்களை நிறுவினர். கலிபோர்னியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழக ஆய்வாளர் துணையோடு, கம்பியில்லா இணைப்பின் மூலம் அந்நிலையங்கள் பெரிய வைத்தியசாலையோடு இணைக்கப்பெற்றன.

அந்நிலையத்தில் இருப்பவர் யார்? கிராமப்புறத்திலிருந்தே தெரிந்தெடுத்துப் பயிற்றப்பெற்ற பெண். அவர் நோயாளியின் கண்ணைக் கருவியாற் பரிசோதித்துப் படமெடுத்து அனுப்புகின்றார். தொலைவிலுள்ள வைத்தியர் படத்தைப் பார்த்து நோயாளியோடு நேரிற்போலப் பேசுகின்றார். கண்ணாடி வேண்டுவோர் அங்கேயே பெறுகின்றனர். மருந்து வேண்டுவோரும் அங்கேயே பெறுகின்றனர். சத்திரசிகிச்சை வேண்டுவோர் மாத்திரமே பயணப்படுகின்றனர். இன்று அத்தகைய நிலையங்கள் 100க்கும் மேலாகப் பெருகியுள்ளன. அவற்றின் வெற்றிக்குக் காரணம் இயந்திரம் மட்டுமென்று கருதுவது பிழை. நோயாளியின் பக்கத்திற் பயிற்சி பெற்ற ஒருவரும், மறுமுனையிற் பொறுப்பேற்கும் வைத்தியர் ஒருவரும் இருப்பதே காரணம்.

மற்றோர் உதாரணம் மாரடைப்பைப் பற்றியது. மாரடைப்பில் நிமிடங்களே உயிரை நிர்ணயிப்பன. தமிழ்நாட்டிற் பெரிய இருதய வைத்தியசாலைகளை நடுவாகவும் சுற்றுப்புறச் சிறு வைத்தியசாலைகளைக் கிளைகளாகவும் கொண்டு நான்கு தொகுதிகள் அமைத்து 2012 தொடக்கம் ஒரு திட்டம் பரிசோதிக்கப்பட்டது. சிறு வைத்தியசாலையில் எடுத்த ஈ.சி.ஜி. பதிவு உடனே இருதய நிபுணருக்குச் செல்லும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சிறு வைத்தியசாலையிலேயே ஏற்றிவிட்டு, நோயாளியைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவர். 2,420 நோயாளரை உள்ளடக்கிய அந்த ஆய்வின் முடிவு 2017இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குள் மரித்தோர் திட்டத்துக்கு முன் நூற்றுக்கு 17.6 ஆக இருக்க, திட்டத்துக்குப் பின் 14.2 ஆகக் குறைந்தனர். நூற்றுக்கு மூவர் என்பது சிறு தொகையென நினைப்போர், அந்த மூவரின் வீட்டாரைக் கேட்டுப் பார்க்கட்டும்.

இந்திய அரசாங்கம் 2020 மார்ச் 25ஆம் நாள் தொலை மருத்துவத்துக்கென நெறிமுறைகளை வெளியிட்டது. ‘இ-சஞ்ஜீவனி’ என்னும் அதன் அரச சேவை 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 10 கோடி ஆலோசனைகளைக் கடந்தது. ஆகவே, இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று எவரும் நம்மிடம் சொல்லவியலாது.

நமது நாட்டின் அனுபவம்

இலங்கையிலும் தொலைபேசி உயிர் காத்த வரலாறு உண்டு. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் வரும் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை இந்தியாவின் நன்கொடையோடு 2016இல் ஆரம்பிக்கப்பட்டது. மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் முதலிற் தொடங்கிற்று. நமது கிழக்கை அது வந்தடைந்தது பின்னரே. நல்ல திட்டங்கள் தலைநகரைச் சுற்றி முதலில் வட்டமிட்டுவிட்டு நம்மிடம் வருவது புதிதன்று. இம்முறை நாம் வரிசையின் கடைசியில் நிற்கச் சம்மதிக்கலாகாது.

2020இல் கொவிட் தொற்றுக் காலத்தில், கிளினிக் நோயாளருக்கான மாத மருந்துகளைத் தபால் உத்தியோகத்தர் வீடுவரை கொண்டு சேர்த்தனர். 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது, வாகனம் இருந்தும் ஓட வழியற்றுப் போயிற்று. அந்நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் நாட்டைவிட்டுச் சென்றனர். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றோடு வரும் வெள்ளம் வீதிகளை மூடுவதும், 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை அறுகம்பேப் பாலத்தைச் சேதப்படுத்தியதும் நமக்கு நினைவிருக்கின்றன. பாதை மூடும்போது திறந்திருக்கக்கூடிய வழி ஒன்று நமக்கு அவசியம்.

இதே அறுகம்பேயிற் கடலலையில் விளையாட வரும் வெளிநாட்டார், விடுதியில் அமர்ந்தவாறே தமது நாட்டு வைத்தியரோடு முகம் பார்த்துப் பேசவியலும். அதற்கு வேண்டிய அலைவரிசை இங்கே உண்டு. அந்த விடுதிக்குப் பின்னால், வயற்கரையில் வாழும் நீரிழிவு நோயாளிக்கு அதே அலைவரிசை பயன்படவில்லையெனின், குறை அலைவரிசையில் இல்லை, ஏற்பாட்டில் உள்ளது.

நியாயமான ஐயங்கள்

இனி, இத்திட்டத்தைப் பற்றி எழும் ஐயங்களைப் பார்ப்போம்.

‘தொலைவிலிருந்து வைத்தியம் வந்துவிட்டால், ஊருக்கு வைத்தியர் எதற்கு என்று அரசாங்கம் கேட்காதா?’ இது வீணான பயமன்று. பணத்தட்டுப்பாட்டுக் காலத்தில் எந்த அரசாங்கமும் குறுக்கு வழி தேடும். ஆகவே நமது முதல் நிபந்தனை இதுவாக இருக்கவேண்டும்: தொலை மருத்துவத்தின் பெயரால் எந்த வைத்தியசாலையின் தரமும் குறைக்கப்படலாகாது, எந்தப் பதவியும் வெறுமையாக விடப்படலாகாது. உண்மையில் இத்திட்டம் வைத்தியரை ஊரில் நிலைநிறுத்தவும் உதவும். தொலைவூருக்கு நியமனம் பெறும் இளம் வைத்தியர் இடமாற்றம் கேட்பதற்குக் காரணங்களுள் ஒன்று தனிமை. நள்ளிரவிற் சிக்கலான நோயாளி வரும்போது கேட்டறிய மூத்தவர் ஒருவர் இல்லையென்ற அச்சம் அது. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு நிபுணர் அழைத்தவுடன் பேசுவார் என்ற உறுதி இருந்தால், அந்த இளைஞரின் கைக்குப் பலம் வரும்.

‘பாம்பு கடித்தால் படம் பார்த்தா வைத்தியம் செய்வது?’ என்று விவசாயி கேட்கக்கூடும். மிகச் சரியான கேள்வி. வயலிற் கண்ணாடி விரியன் தீண்டியவருக்கு வேண்டியது இந்தியாவில் தயாராகி இங்கு வரும் விஷமுறிவு மருந்து. எப்போது ஏற்றுவது, ஒவ்வாமை கண்டால் என்ன செய்வது என்பவற்றைத் தொலைவிலிருக்கும் மூத்த வைத்தியர் சொல்லித்தரலாம். மருந்து அலுமாரியில் இல்லையெனின், திரையில் எத்தனை நிபுணர் தோன்றினும் பயனில்லை. முற்கூறிய மருந்துப்பெட்டியின் பாடம் இதுவே.

அடுத்தது மொழி. ‘நெஞ்சு எரியுது’ என்பதும் ‘நெஞ்சுக்குள்ள அடைக்குது’ என்பதும் ஒன்றல்ல. முன்னது வயிற்றுப் புளிப்பாக இருக்கலாம். பின்னது உயிரைப் பறிக்கும் மாரடைப்பாக இருக்கலாம். நேரில் இருக்கும் வைத்தியர் மொழி புரியாதபோதும் கையை வைத்துப் பார்த்து ஓரளவு அறிவார். தொலைவிலிருப்பவருக்குச் சொல்லே கை. மறுமுனையில் தமிழறியாத ஒருவர் இருப்பின், தொலை மருத்துவம் ஆபத்தாகவும் முடியலாம். 1956ஆம் ஆண்டுச் சட்டம் மொழியைக் கொண்டு மக்களை அரசாங்கத்திலிருந்து பிரித்த கதை பழங்கதையாயிற்று. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று; 1988இன் 16ஆம் திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழை நிர்வாக மொழியாக்கிற்று. ஆகவே தமிழ் பேசும் வைத்தியரைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. அரசியலமைப்பு தந்ததைக் கேட்பதாகும். பாணமையிலுள்ள சிங்களச் சகோதரருக்கு அவரது மொழியில் வைத்தியர் கிடைக்கவேண்டும் என்பதையும் நாம் அதே குரலிற் சொல்கின்றோம்.

தாய்மார்களுக்கு வேறொரு தயக்கம் உண்டு. திறந்த கூடத்தில், பலர் பார்க்க, திரை முன் அமர்ந்து உடல்நிலையைச் சொல்ல எந்தப் பெண்ணும் விரும்பாள். கதவுள்ள அறை, பக்கத்தில் தாதி அல்லது மருத்துவமாது, இயன்றவரை பெண் வைத்தியர் என்பன வசதிகளல்ல, வைத்தியத்தின் பகுதிகளே. அறையிற் பேசப்படுவது அறைக்குள்ளேயே நிற்கவும் வேண்டும். அதற்கெனவே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றுள்ளது. உடல்நலத் தகவல் அச்சட்டத்திற் சிறப்பான பாதுகாப்புக்குரியது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனியார் கம்பனிகள் கைத்தொலைபேசியில் வைத்தியரைக் காட்டிக் கட்டணம் பெறுகின்றன. வசதியுள்ளோர் அதைப் பயன்படுத்தட்டும். ஆனால் நல்ல தொலைபேசியும் வங்கி அட்டையும் உள்ளவருக்கே நிபுணர் என்ற நிலை உருவாகுமாயின், 1951இல் ஒழித்த கட்டணம் வேறு வாசலால் நுழைந்துவிடும். இச்சேவை அரசாங்க வைத்தியசாலையில், இலவசமாக, தொலைபேசியே இல்லாதவருக்கும் கிடைக்கவேண்டும்.

அதிகாரம் யார் கையில்?

சட்டம் அறிந்தோர் என்ற முறையில் ஒன்றைத் தெளிவுபடுத்துவோம். 13ஆம் திருத்தத்தின்படி பொது வைத்தியசாலைகள், கிராமிய வைத்தியசாலைகள், பிரசவ விடுதிகள், மருந்தகங்கள் ஆகியவற்றை நிறுவுவதும் பேணுவதும் மாகாணத்தின் அதிகாரம். போதனா வைத்தியசாலைகள் அதற்கு விலக்கு. அவை மத்திய அமைச்சின் கீழ் வருவன. எனவே பொத்துவிலை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையோடு இணைக்க மாகாணமும் மத்தியும் கையொப்பமிட்ட உடன்பாடு வேண்டும். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. தேர்ந்தெடுத்த சபையில்லாத மாகாணத்தில் மக்கள் யாரிடம் கேட்பது?

மேலும், நமது மாவட்டத்துக்குக் கல்முனை, அம்பாறை என இரண்டு சுகாதாரப் பிராந்தியங்கள் உள்ளன. பாணமை லகுகல பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. அதன் மக்கள் அன்றாடம் வந்து போவதோ பொத்துவிலுக்கு. நோய்க்கு இந்த எல்லைக்கற்கள் தெரியா. இரு பிராந்தியங்களும் ஒரே பதிவேட்டையும் ஒரே ஏற்பாட்டையும் பின்பற்றவேண்டும். தவறு நேரின் பொறுப்பாளி யார் என்பதும் முன்கூட்டியே எழுதப்படல் வேண்டும். ஆலோசனை சொன்னவரின் பெயரும் பதிவிலக்கமும் நோயாளியின் சீட்டில் இருக்குமாயின், பொறுப்பு காற்றிற் கரைந்துபோகாது.

சட்டத்தாற் கட்டளையிட்டுப் பெறமுடியாத ஒன்றும் உண்டு, அது நம்பிக்கை. 2020இல் கொவிட்டால் மரித்தோரின் உடல்களைக் கட்டாயமாக எரித்தபோது, முஸ்லிம் குடும்பங்களின் நெஞ்சும் சேர்ந்தே எரிந்தது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று கூறியிருந்தும் 2021 பெப்ரவரி வரை அவ்வநீதி நீடித்தது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவு செய்தது. மன்னிப்பை ஏற்பது மக்களின் பெருந்தன்மை. நம்பிக்கையை மீட்பது அரசாங்கத்தின் கடமை. வைத்தியசாலைக்குச் செல்லவே அஞ்சிய மக்களை, முகமறியா வைத்தியர் ஒருவரிடம் பேசச் சொல்லுமுன், அவர்களது சமயமும் மானமும் மதிக்கப்படும் என்ற உறுதி அளிக்கப்படவேண்டும்.

நமக்குள்ளும் ஒரு வார்த்தை. கல்முனை நகரில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன. இது முஸ்லிம்களுக்கு, அது தமிழருக்கு என்று எண்ணும் வழக்கம் நமக்கு நன்மை தந்ததில்லை. நிபுணர் எந்த வைத்தியசாலையில் இருந்தாலென்ன? பொத்துவிலிலிருந்து வரும் ஈ.சி.ஜி. பதிவுக்குச் சாதியுமில்லை, சமயமுமில்லை. தமிழ் பேசும் மக்கள் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். அந்தச் சொல்லுக்குப் பொருள் கொடுக்க இதைவிட நல்ல இடம் எது?

நமது கோரிக்கைகள்

ஆகவே இக்கூட்டத்தின் வாயிலாக ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கின்றோம்.

1. பொத்துவில் ஆதார வைத்தியசாலையைக் கல்முனை, மட்டக்களப்பு நிபுணரோடு இணைக்கும் இலவசத் தொலை மருத்துவப் பிரிவு அமைக்கப்படவேண்டும். மாரடைப்பு ஈ.சி.ஜி. இரவு பகல் எந்நேரமும் பார்க்கப்படவேண்டும்.

2. பாணமை, கோமாரி போன்ற இடங்களில், பயிற்சி பெற்ற ஒருவர், கதவுள்ள அறை, மருந்து அலுமாரி ஆகிய மூன்றும் கொண்ட சிறு நிலையங்கள் அமையவேண்டும்.

3. நோயாளியின் மொழியிற் பேசும் வைத்தியரும், அம்மொழியில் எழுதிய மருந்துக் குறிப்பும் உறுதிசெய்யப்படவேண்டும்.

4. தொலைவிலிருக்கும் வைத்தியர் ‘உடனே அனுப்புக’ என்று சொன்னால், அம்புலன்ஸ் வண்டி ஆயத்தமாக இருக்கவேண்டும்.

5. இத்திட்டத்தைக் காரணங்காட்டி எந்த வைத்தியர் பதவியும், எந்தத் தாதியர் பதவியும் குறைக்கப்படலாகாது.

இவற்றை மனுவாக எழுதி உரிய அதிகாரிகளிடம் சேர்ப்பது எமது வேலை. உங்கள் வேலையும் உண்டு. ஒவ்வொரு கிராமத்திலும் பள்ளிவாசலும் கோயிலும் விவசாய சம்மேளனமும் சேர்ந்து ஒரு பதிவேடு தொடங்குங்கள். கடந்த மாதம் எத்தனை பேர் வெளியூர் வைத்தியசாலைக்குச் சென்றனர், எந்த நோய்க்கு, எவ்வளவு செலவு, எத்தனை நாட் கூலி போயிற்று என்று எழுதுங்கள். பெயர்கள் வேண்டா, கணக்குப் போதும். ஆசிரியர்கள் எழுதித் தருவர். இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று கேட்பர். பெருமூச்சுகளைக் கோப்பில் வைக்க அதிகாரிகளால் இயலாது. கணக்கை வைக்க இயலும். கணக்கோடு செல்லும் மனுவைத் தள்ளிவைப்பது அவ்வளவு எளிதன்று.

வரும் பெரும்போக விதைப்புக்கு முன் அந்தப் பதிவேடுகள் எமது கைக்கு வரட்டும். ஒவ்வோரூரிலும் அதற்குப் பொறுப்பேற்க முன்வருவோர், கூட்டம் கலையுமுன் மேடைக்கு வந்து தமது ஊரின் பெயரைப் பதிந்துகொள்ளுமாறு வேண்டுகின்றோம்.